குறைந்த தொகை கேட்டவரிடம் மனநோயாளிகள்... டோரதியா டிக்ஸ் மாற்றியது என்ன?

மனநலம் பாதித்தவர்களைப் பராமரிக்கும் இல்லம் யார் கையில் இருக்கணும்? அரசிடமா, தனியாரிடமா? அமெரிக்காவில் இன்னும் ஓயாத கேள்வி இது. 180 வருஷத்துக்கு முன்னாடியே இதற்காக ஊர் ஊராக அலைந்தவர் டோரதியா டிக்ஸ்.

யார் இவர்?

1802-ல் மெய்ன் பகுதியில் பிறந்தவர். பாஸ்டனில் பள்ளி நடத்திய ஆசிரியை. 1841-ல் கிழக்கு கேம்பிரிட்ஜ் சிறையில் பெண் கைதிகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுக்கப் போனார். குற்றமே செய்யாத மனநோயாளிகளும் அங்கே அடைபட்டுக் கிடந்தாங்க. குளிருக்கு அடுப்புகூட இல்லை.

ஏலத்தில் மனிதர்கள்

அதோட அவர் விடலை. மாசசூசெட்ஸ் முழுக்கச் சிறை, ஏழைகள் விடுதி, தனியார் வீடு என நேரில் பார்த்துக் குறிப்பெடுத்தார்.

வசதியில்லாத நோயாளியைத் தனியாரிடம் ஒப்படைச்சு, ஊர் நிர்வாகமே பணம் கொடுத்த காலம் அது. பல ஊர்களில் குறைந்த தொகை கேட்டவருக்கே ஆள். சாப்பாட்டிலோ விறகிலோ குறைச்சா, மிச்சம் அவர் பைக்கு. டிக்ஸ் கண்ணில் பட்டது கூண்டும் சங்கிலியும்தான்.

1843-ல் சட்டமன்றத்துக்கு மனு கொடுத்தார். பெண்களுக்கு ஓட்டுரிமையே இல்லாத நேரம். ஆனாலும் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையை விரிவாக்க நிதி கிடைச்சது. 1848-ல் நியூ ஜெர்சியின் ட்ரென்டனில் புது மருத்துவமனை திறந்தது. இப்படி 30-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் உருவாகவோ விரிவடையவோ அவர் காரணமானார்.

சறுக்கியது எங்கே?

மனநோயாளிகளின் பராமரிப்புக்காக 1 கோடி ஏக்கர் மத்திய அரசு நிலம் கேட்டார். நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் மசோதாவை நிறைவேற்றின. 1854-ல் அதிபர் பியர்ஸ் அதை நிராகரித்துவிட்டார். இது மாநிலங்களின் பொறுப்பு என்பது அவர் வாதம்.

இப்போ என்ன நிலை?

டிக்ஸ் நம்பிய அரசு மருத்துவமனைகளும் பின்னாளில் கூட்டம் நிரம்பிச் சீரழிந்தன. 1965-ல் மெடிக்கெய்ட் திட்டம் வந்தபிறகு, வயதான மனநோயாளிகள் பலர் முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு மாற்றப்பட்டாங்க. இன்று அந்த இல்லங்களில் சுமார் 70 சதவீதம் லாப நோக்கில் நடப்பவை. அங்கே பெரிய செலவு ஊழியர் சம்பளம். அதில் கை வச்சா லாபம் கூடும், கவனிப்பு குறையும்.

அதனால, உரிமையாளர் யார் என்பதோட கேள்வி முடியலை. உள்ளே போய்ப் பார்ப்பது யார் என்பதும் முக்கியம். டிக்ஸ் செய்ததும் அதைத்தான்.

கடைசிக் காலத்தில் ட்ரென்டன் மருத்துவமனையிலேயே அவருக்கு இடம் ஒதுக்கினாங்க. 1887-ல் அங்கேயே காலமானார்.