தாகூரின் பெயரில்லாச் சித்திரங்கள்

மகாகவி இரவீந்திரநாத தாகூரை அறியாதார் நம் தேசத்தில் இலர். அவர் 1913ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றதையும், நாட்டுப் பண் இயற்றியதையும் பள்ளிச் சிறுவரும் சொல்வர். ஆனந்த தேரருக்குத் தண்ணீர் வார்த்த பெண்ணின் சரித்திரத்தைச் ‘சண்டாளிகா’ என்னும் நாடகமாக 1933ஆம் ஆண்டில் ஆக்கித் தந்தவர் என்ற முறையில் நம் சங்கத்தாருக்கு அவர் இன்னும் ஒருபடி நெருங்கியவர். ஆயினும் யாம் ஈண்டுச் சொல்லப் புகுவது கவி தாகூரைப் பற்றியன்று. அறுபத்தேழாம் வயதை எட்டிய பின், எந்த ஓவியப் பள்ளியிலும் பயிலாமல், பெயரில்லாத சித்திரங்களை எழுதித் தம் மனத்தைத் தாமே பேணிக்கொண்ட ஒரு முதியவரைப் பற்றியே சொல்லுகிறோம்.

கல்கத்தா நகரின் ஜோராசாங்கோ மாளிகையிலே 1861ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் தேவேந்திரநாதர் பெரும் நிலக்கிழார். செல்வத்திற்குக் குறைவில்லை; ஆனால் சாவுக்கும் குறைவில்லை. அன்னையாரை 1875ஆம் ஆண்டில் இழந்தார். இளமைத் தோழியாய், தம் பாட்டுக்கு முதற் செவியாய் இருந்த அண்ணியார் காதம்பரி தேவி 1884ஆம் ஆண்டில் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார். மனைவி 1902இல் மறைந்தார்; நடுமகள் ரேணுகா 1903இல்; தந்தையார் 1905இல்; இளைய மகன் சமீந்திரன் 1907இல். ஐந்தாண்டுக் காலத்தில் நான்கு சாவு. மூத்த மகள் 1918ஆம் ஆண்டில் காசநோயால் இறந்தாள். கிசாகோதமி கடுகு கேட்டு அம்மாளிகையின் கதவைத் தட்டியிருப்பாளாயின் அங்கும் வெறுங்கையோடுதான் திரும்பியிருப்பாள். நோபல் பரிசு பெற்ற மறு ஆண்டாகிய 1914இல், உலகமே புகழ்ந்து கொண்டிருந்த வேளையிலே, சாவையே எண்ணும் கடுமையான மனச்சோர்வு அவரைப் பற்றிக்கொண்டது. புகழ் மாலை கழுத்தில் கிடக்கும். துக்கம் அதற்குக் கீழே நெஞ்சிற் கிடக்கும்.

ஓவியத்தில் அவருக்கு ஆசை பழைமையானது. சிறுவயதில் வீட்டிலே சிறிது கற்பித்ததுண்டு. நாற்பதை நெருங்கிய 1900ஆம் ஆண்டிலும் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு வரைந்து பார்த்தார். பென்சிலினும் அழிக்கும் ரப்பரே மிகுதியாய்த் தேய்ந்தது. இது தமக்கு வராது என்று விட்டுவிட்டார். அண்ணன் மகன்கள் முறையினரான அவனீந்திரரும் ககனேந்திரரும் வங்கத்தின் பேரோவியர்களாய் விளங்கினர். சாந்திநிகேதனத்தில் 1919ஆம் ஆண்டு கலாபவனம் தோன்றியது. நந்தலால் போஸ் போன்ற வல்லார் அங்கே கற்பித்தனர். ஜெர்மனியின் பௌஹௌஸ் பள்ளியைச் சேர்ந்த கண்டின்ஸ்கி, கிளே ஆகியோரின் படங்கள் 1922ஆம் ஆண்டு டிசம்பரில் கல்கத்தாவிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டன. மாட்டை மாடாகவும் மரத்தை மரமாகவும் காட்டாமல், கோடும் நிறமும் தம்மளவிலே நின்று பேசும் இவ்வகையையே அரூப ஓவியம் என்பர். இத்தனைக்கும் நடுவே தாகூர் பார்ப்பவராகவே இருந்தார்.

அவரை ஓவியர் ஆக்கியது தூரிகையன்று. கவி எழுதும் பேனாவே ஆகும். பெரு நாட்டு விடுதலையின் நூற்றாண்டு விழாவுக்காக 1924ஆம் ஆண்டு கப்பலேறியவர், வழியிலே நோயுற்று அர்ஜெண்டைனாவில் இறங்க நேர்ந்தது. பியூனஸ் அயர்ஸ் நகருக்கு அடுத்த சான் இசித்ரோ என்னும் ஊரில், அகன்ற பிளாட்டா ஆற்றைப் பார்த்த ஒரு வீட்டிலே, விக்டோரியா ஒகாம்போ என்ற எழுத்தாளர் அம்மையார் அவரைத் தங்கவைத்துப் பேணினார். அப்போது எழுதிய பாடல்கள் ‘பூரபி’ என்னும் நூலிற் சேர்ந்தன. அம்மையார் ஒருநாள் அக்கையெழுத்துச் சுவடியைப் புரட்டியபோது பாட்டோடு பாட்டாகக் கருமையான உருவங்கள் நெளிந்து கிடக்கக் கண்டு வியந்தார்.

அவை எப்படி உண்டாயின என்பதை நிறுத்திச் சொல்ல வேண்டும். கவி ஒரு சொல்லை எழுதுவார். பிடிக்கவில்லை என்றால் அடிப்பார். அடித்த இடம் தாளிலே புண்போல் நிற்கும். நாமாயின் அதைப் பாராமல் அடுத்த வரிக்குப் போவோம், அல்லது தாளைக் கிழித்தெறிவோம். அவர் இரண்டும் செய்யவில்லை. ஓர் அடித்தலிலிருந்து மற்றோர் அடித்தலுக்கு மையால் ஒரு கோடு இழுப்பார். அக்கோட்டைத் தடிக்கச் செய்வார். இடையிலுள்ள வெண்மையை நிரப்புவார். சிறிது பொழுதில் சிதறிக் கிடந்த பிழைகளெல்லாம் ஒன்றோடொன்று கைகோத்து ஒரு வடிவாய் எழும். அது பறவையும் அன்று, இலையும் அன்று. சில வேளை இரண்டும் போல் தோன்றும். இன்னது வரையவேண்டும் என்னும் எண்ணம் முன்னே இல்லை. கை போகிற வழியே கண் போயிற்று. யாம் நூலாலையிலே நெடுங்காலம் அறுந்த இழையை ஒட்டிப் பிழைத்தவர். ஒரு பொறியில் ஓயாமல் இழை அறும். அறுந்ததைச் சபித்துக்கொண்டு நின்றால் நூல் ஓடாது. இரண்டு முனையையும் விரலால் கூட்டிவைத்தால் ஓடும். தாகூரின் சுவடிப் பக்கத்தின் அச்சுப்படியை ஒரு நூலில் முதலிற் கண்டபோது எமக்கு அந்தப் பொறி வரிசைதான் நினைவுக்கு வந்தது. கற்றோர் இதைக் கேட்டு நகைக்கலாம்.

1928ஆம் ஆண்டு முதல் சுவடியை விட்டுத் தனித்தாளுக்கு வந்தார். தூரிகையைக் காட்டிலும் பேனாவின் பின்முனையும், கந்தல் துணியும், விரலுமே அவருக்கு உதவின. எழுதும் மையே வண்ணம். பெரும்பாலும் ஒரே அமர்வில் ஒரு படத்தை முடிப்பார். செம்மையும் பச்சையும் அவர் கண்ணுக்குச் செவ்வையாய் வேறுபடவில்லை என்று ஆய்ந்தோர் கூறுவர். அக்குறையும் அவரைத் தடுக்கவில்லை. அரூபமாய்த் தொடங்கிய கோடுகளிலிருந்து பின்னர் முகங்களும், உலகில் எங்கும் இல்லாத விலங்குகளும், அந்தி நேரத்து மரங்களும் வெளிப்பட்டன. படத்திற்குப் பெயரிட மறுத்தார். சொல்லையே தொழிலாய்க் கொண்டவர் இங்கே சொல்லை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டார். ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகளில் அவர் எழுதியவை இரண்டாயிரத்திற்கும் மேற்பட்டவை.

1930ஆம் ஆண்டு மே மாதம் பாரிஸ் நகரில் ஒகாம்போ அம்மையாரின் முயற்சியால் முதற் காட்சி நடந்தது. அதே ஆண்டில் லண்டன், பெர்லின், மாஸ்கோ, நியூயார்க் முதலிய நகரங்களிலும் படங்கள் வைக்கப்பட்டன. தாய்நாட்டிலோ, 1931ஆம் ஆண்டின் இறுதியில் கல்கத்தாவில் காட்டியபோது, பலர் விளங்காமல் விழித்தனர். அவை உயர்ந்த கலையா அன்றா என்பதைத் தீர்ப்பது எம் வேலையன்று; எமக்கு அதில் ஆவலும் இல்லை.

எமக்கு வேண்டுவது வேறு. சகோதரர்களே, இது செல்வர் பொழுதுபோக்குத்தானே என்று உங்களிற் சிலர் கேட்பீர்கள். அவருக்கு ஓய்வும் இடமும் இருந்தன என்பது மெய்யே. எட்டு மணி நேரம் நின்று உழைத்து வருகிறவனுக்கு அவை இல்லை. ஆனால் அவர் கையாண்ட பொருள்களைப் பாருங்கள்: மை, கந்தல், கிடைத்த தாள். நம் குடும்பங்களிலே ஒரு சாவு நேர்ந்தால், ஒரு வேலை போனால், ஆண்மகன் மதுக்கடைக்குச் செல்லுகிறான். பெண் சுவரைப் பார்த்து உட்காருகிறாள். அரை நாழிகை ஒரு பழைய கணக்குத் தாளின் பின்புறத்தில் கோட்டின்மேல் கோடு இழுத்துக்கொண்டிருக்க எவரிடத்திலும் தகுதிச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. எமக்கு வரையத் தெரியாது என்பீராயின், அவருக்கும் அப்படித்தான் தோன்றியது, அறுபது வயது கடக்குமட்டும். துக்கம் இதனால் அழிந்துவிடும் என்று யாம் சொல்லவில்லை. அவருக்கும் அழியவில்லை. 1932ஆம் ஆண்டில் ஒரே பேரன் நிதீந்திரன் ஜெர்மனியிலே காசநோயால் மாண்டபோது முதியவர் மீண்டும் ஒருமுறை உடைந்தார். உடைந்த பின்னும் கை எழுதிற்று.

1937ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் மாலை சாந்திநிகேதனத்தில் அவர் திடீரென நினைவிழந்து வீழ்ந்தார். அப்போது வயது எழுபத்தாறு. மருத்துவர்கள் கல்கத்தாவிலிருந்து விரைந்து வந்தனர். பிழைப்பார் என்ற உறுதி எவர்க்கும் இல்லை. பின்னர் நினைவு திரும்பிற்று. திரும்பியவுடன் அவர் வண்ணமும் தூரிகையும் கேட்டு வாங்கி, கைக்குக் கிடைத்த ஒரு பலகைத் துண்டின்மேல் ஒரு காட்டை எழுதினார்: இருண்ட மரங்கள், அவற்றினிடையே மஞ்சள் ஒளிக் கீற்றுகள். சாவின் வாயிற்படி வரை போய் வந்ததைப் பற்றிய பாடல்கள் ‘பிராந்திக்’ என்னும் நூலாகப் பிறகே வந்தன. முதலில் வந்தது அந்தப் பலகைத் துண்டு.

1940ஆம் ஆண்டு செப்டம்பரில் காலிம்பாங் மலையூரிலே மறுபடியும் நோய் கண்டது. அதன் பின்னர்ப் பாடல்களையே பிறர் எழுதத் தாம் சொல்லும் நிலை வந்தது. 1941 ஜூலை 25ஆம் நாள் சிகிச்சைக்காகக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தனர். அறுவை செய்தும் பயனில்லை. ஆகஸ்டு 7ஆம் நாள் நண்பகலில், தாம் பிறந்த அதே ஜோராசாங்கோ மாளிகையில் உயிர் நீத்தார். அவர் எழுதிய படங்களிற் பெரும்பகுதி சாந்திநிகேதனத்து இரவீந்திர பவனத்திலே, பெயர் இல்லாமலே, வைத்துக் காக்கப்பட்டு வருகின்றது.