பணம் கொடுக்காமல் வாங்கிய கிட்டார்

ஸ்பெயின் நாட்டின் தலைநகர் மாட்ரிட். அங்கே மானுவேல் ராமிரேஸ் என்ற பிரபல கிட்டார் தயாரிப்பாளரின் கடைக்கு ஒரு நாள் ஓர் இளைஞர் வந்தார். நீண்ட தலைமுடி. பெரிய மூக்குக் கண்ணாடி. கையில் பிரம்பு.

கச்சேரிக்காக ஒரு நல்ல கிட்டாரை வாடகைக்குத் தர வேண்டும் என்று கேட்டார். கடையில் இருந்தவர்களுக்குச் சிரிப்பு வந்தது. பியானோவை வாடகைக்கு எடுப்பது உண்டு. கிட்டாரை அப்படி யாரும் கேட்டது இல்லை.

ஆனாலும் ராமிரேஸ் ஒரு கிட்டாரை எடுத்துக் கொடுத்தார். 1912-ம் ஆண்டு தன் பட்டறையில் தயாரானது. இளைஞர் வாசித்தார். சிரிப்பு அடங்கியது. அங்கே இருந்த வயலின் பேராசிரியர் ஒருவர், இவ்வளவு திறமை கிட்டாரில் வீணாகிறதே என்று வருத்தப்பட்டாராம்!

ராமிரேஸ் வாடகையும் கேட்கவில்லை, விலையும் கேட்கவில்லை. கிட்டார் உமக்கே, பணமாக அல்லாமல் வேறு விதத்தில் கடனைத் தீர்த்தால் போதும் என்று சொல்லி அனுப்பி விட்டார்.

அந்த இளைஞர்தான் ஆந்த்ரேஸ் செகோவியா.

சாராயக்கடை வாத்தியம்

செகோவியா 1893-ல் லினாரேஸ் என்ற ஊரில் பிறந்தவர். வசதி இல்லாத குடும்பம். சித்தப்பா வீட்டில் வளர்ந்தார். கிட்டார் என்றால் அந்தக் காலத்தில் சாராயக்கடையில் பாட்டுக்குத் துணையாக வாசிப்பது என்றுதான் பெரிய மனிதர்கள் நினைத்தார்கள். இவர் தானாகவே பழகி, 16-வது வயதில் கிரானடா நகரில் கச்சேரி செய்தார்.

ராமிரேஸ் கொடுத்த கிட்டாரை சுமார் 25 ஆண்டுகள் அவர் விடவில்லை. 1924-ல் பாரிஸ், 1928-ல் நியூயார்க். ஆயிரக்கணக்கானோர் கூடிய மண்டபங்களிலும் மைக் வைக்க மறுத்து விட்டார். மரமும் நரம்பும் தரும் சத்தம் மின்சாரத்தில் மாறிவிடும் என்பது அவர் எண்ணம். அவர் வாசித்தால் கடைசி வரிசை வரை மூச்சு விடாமல் காது கொடுப்பார்கள்.

கடன் தீர்ந்தது. ஆனால் அதைப் பார்க்க ராமிரேஸ் இல்லை. 1916-லேயே இறந்து விட்டார்.

இங்கே இன்னொருவரையும் சொல்ல வேண்டும். கிட்டாருக்குள் ஒட்டியிருந்தது முதலாளி ராமிரேஸின் பெயர். ஆனால் அதைச் செய்த கை, அந்தப் பட்டறையில் வேலை பார்த்த சாந்தோஸ் எர்னாண்டஸ் என்ற தொழிலாளியின் கை என்றே விஷயம் அறிந்தவர்கள் கருதுகிறார்கள். எல்லா ஊர்ப் பட்டறையிலும் நடப்பதுதானே இது! பின்னர் அவர் தனிக்கடை வைத்தார். 1922-ல் அதே கிட்டார் பழுது பார்க்க அவரிடம் வந்தது. வேலையை முடித்து, தன் பெயர் போட்ட சீட்டையும் உள்ளே ஒட்டி அனுப்பினார்.

12 ஆண்டு முயற்சி

1924-ல் ஜெர்மனியில் மியூனிக் நகரக் கச்சேரிக்கு எர்மன் ஹவுசர் என்ற கிட்டார் தச்சர் வந்திருந்தார். செகோவியா தன் கிட்டாரை அவரிடம் கொடுத்து, நன்றாகப் பார்க்கச் சொன்னார். அளவுகளைக் குறித்துக் கொண்டு போனார் ஹவுசர். கிட்டார் செய்து கொண்டு வந்தார். செகோவியாவுக்குத் திருப்தி இல்லை. மறுபடி செய்தார். மறுபடியும் இல்லை. இப்படியே 12 ஆண்டுகளுக்கு மேல் ஓடின.

இதற்குள் 1936-ல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. செகோவியா பார்சிலோனாவை விட்டு வெளியேறினார். தென் அமெரிக்காவில் உருகுவே நாட்டில் பல ஆண்டுகள் குடியிருந்தார்.

1937-ல் ஹவுசர் செய்த கிட்டார் அவர் மனதுக்குப் பிடித்து விட்டது. பழைய துணையை ஓய்வில் வைத்தார். தம் காலத்தின் மிகச் சிறந்த கிட்டார் இதுதான் என்று போகுமிடமெல்லாம் சொன்னார். 1962 வரை இதுவே அவர் மடியில் இருந்தது.

உலகப் போரின் போது ஆட்டுக்குடல் நரம்பு கிடைக்கவில்லை. அப்போது நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் நைலான் நரம்பு செய்தார். அதைச் சோதித்து யோசனை சொன்னவர் செகோவியாதான்.

கடைசிக் காலத்தில் வாசித்த கிட்டார்களில் ஒன்றைச் செய்தவர் மூன்றாம் ஹோசே ராமிரேஸ். அன்று கிட்டாரை இலவசமாகக் கொடுத்த மானுவேலின் அண்ணன் பேரன்!

செகோவியா 1987 ஜூன் 2-ந் தேதி 94-வது வயதில் மாட்ரிட்டில் காலமானார். முந்தைய ஆண்டே அவருடைய ராமிரேஸ், ஹவுசர் கிட்டார்கள் இரண்டும், அவர் மனைவி எமிலியாவின் பெயரால் நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்துக்கு நன்கொடையாகக் கொடுக்கப்பட்டு விட்டன.