நிழலுக்கு மூட்டு வைத்தவர்

லோத்தே ரைனிகர் 1899 ஜூன் 2ஆம் நாள் பெர்லினை அடுத்த சார்லொட்டன்பர்க்கில் பிறந்தார். கத்தரிக்கோல் பிடிக்கத் தெரிந்த வயதிலேயே கறுப்புத் தாளில் உருவங்கள் வெட்டி, வீட்டாருக்கு நிழற்கூத்து நடத்தினார். பிள்ளை விளையாட்டை வளர்ந்தபின் விட்டுவிடுவது உலக இயல்பு. இவர் எண்பது வயதிலும் விடவில்லை.

மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் நாடகப் பள்ளியில் பயின்றபோது, நடிகர்களின் தோற்றங்களைத் தாளில் வெட்டியதே இவரை அடையாளம் காட்டிற்று. 1918இல் பவுல் வேகனர் எடுத்த படத்தில், மர எலிகளை நகர்த்தி நகர்த்திப் படம்பிடிக்க உதவினார். மறு ஆண்டே சொந்தக் குறும்படம். 1921இல் கார்ல் கோஹை மணந்தார். ஒளிப்பதிவுக் கருவி கணவர் பொறுப்பாயிற்று.

இவருடைய முறை எளியது, உழைப்போ கடுமையானது. தலை, கழுத்து, மேற்கை, முன்கை, விரல் என உறுப்புகளைக் கறுப்பு அட்டையிலும் மெல்லிய ஈயத் தகட்டிலும் தனித்தனியே வெட்டிக் கம்பியால் இணைப்பார். கண்ணாடி மேசைமேல் கிடத்தி, கீழிருந்து ஒளி பாய்ச்சி, மேலிருந்து படமெடுப்பார். ஓர் உறுப்பை மயிரிழை நகர்த்தினால் ஒரு படம். வெட்டும்போது கத்தரி அசையாது. இடக்கையில் தாள்தான் சுழலும். நிழலுருவுக்குக் கண்ணில்லை, கண்ணீருமில்லை. துயரம் கழுத்தின் சாய்விலும் நாணம் மணிக்கட்டின் மடிப்பிலும் தெரிந்தாக வேண்டும். எனவே உடம்பே இவருக்கு மொழியாயிற்று. விலங்குக் காட்சிசாலையில் நெடுநேரம் நின்று பார்ப்பார். பார்த்த நடையைத் தம் கைகால்களால் நடந்தும் பார்ப்பார். சிறு குழந்தை செய்வதும் இதுவேயன்றோ?

லூயி ஹாகன் என்னும் வங்கியாளர் பொருளுதவி செய்ய, போட்ஸ்டாமில் கார்க் கொட்டகையின் மேல்தளத்தில் 1923 முதல் 1926 வரை உருவானது ‘இளவரசர் அக்மதுவின் சாகசங்கள்’. உலகின் முதல் முழுநீள அசைவோவியப் படம் என்று இதனைக் கூறுவது பிழை. அர்ஜென்டினாவில் 1917இலேயே ஒன்று வந்து, அழிந்தும் போயிற்று. எஞ்சியவற்றுள் இதுவே மூத்தது. டிஸ்னியின் ‘ஸ்னோ வொயிட்’ 1937இல்தான் வந்தது.

நாஜி ஆட்சியை வெறுத்து நாட்டைவிட்டு வெளியேறிய இணையர், எந்நாட்டிலும் நிலையாகத் தங்க இசைவு பெறாமல் நாடு நாடாக அலைந்தனர். 1944இல் நோயுற்ற தாயைப் பேணும் பொருட்டு, குண்டு விழும் பெர்லினுக்கே ரைனிகர் திரும்பினார். போரின் இறுதியில் அக்மது படத்தின் மூலச்சுருள் அந்நகரில் மறைந்தது. பின்னாளில் இங்கிலாந்தில் கிடைத்த படியைக் கொண்டே படம் மீட்கப்பட்டது.

1949இல் இலண்டன் சென்று, குழந்தைக் கதைகளை நிழற்குறும்படங்களாக்கினார். 1963இல் கணவர் இறந்தபின் பல்லாண்டுகள் படம் எடுக்கவில்லை. 1970களில் கனடா அழைக்க, மீண்டும் கண்ணாடி மேசைமுன் அமர்ந்தார். 1981 ஜூன் 19 அன்று ஜெர்மனியின் டெட்டன்ஹவுசனில் மறைந்தார். அவர் வெட்டிய உருவங்கள் பல, அருகிலுள்ள டூபிங்கன் நகர அருங்காட்சியகத்தில் உள்ளன.