கடன் தீர்த்த தேசபந்து

கல்கத்தாவில் படிக்கும் தமிழ் மாணவர்களாகிய நாம் சித்தரஞ்சன் அவென்யூவை அடிக்கடி கடந்து செல்கிறோம். அப்பெயருக்குரிய பெருமகனாரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

சித்தரஞ்சன் தாஸ் 1870-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் பயின்று, இங்கிலாந்து சென்று ஐ.சி.எஸ். தேர்வு எழுதினார், தேறவில்லை. பாரிஸ்டராகத் திரும்பினார். தந்தையார் பட்ட கடனால் குடும்பம் நொடித்துப் போயிற்று. நீதிமன்றம் திவால் தீர்ப்பளித்து விட்ட பின் அக்கடனைக் கட்டச் சட்டப்படி அவசியமில்லை. ஆயினும் கையில் பொருள் சேர்ந்ததும் அவர் அதை முழுதும் தீர்த்தார். அவருடைய வாழ்வைத் திறக்கும் திறவுகோல் இதுவே.

அலிப்பூர் வழக்கில் வாதாடி 1909-இல் அரவிந்தரை மீட்டவர் அவர். பெரும் வருமானம் தந்த அத்தொழிலை ஒத்துழையாமை இயக்கத்திற்காகத் துறந்து சிறை புகுந்தார். மக்கள் அவரை 'தேசபந்து' என்றனர்.

அன்றைய வங்கத்தில் முஸ்லிம்கள் ஜனத்தொகையில் பாதிக்கு மேல் இருந்தனர். உத்தியோகங்களிலோ மிகச் சிலரே. இதையும் ஒரு பழைய கடனாகவே தேசபந்து கருதினார் போலும். 1923 டிசம்பரில் வங்க ஒப்பந்தம் செய்தார். சுயராஜ்யம் வந்ததும் சர்க்கார் பதவிகளில் நூற்றுக்கு 55 முஸ்லிம்களுக்கு. அந்த அளவை எட்டும் வரை புதிய நியமனங்களில் நூற்றுக்கு 80. அம்மாதமே கூடிய காக்கிநாடா காங்கிரஸ் இதை ஏற்கவில்லை. சொந்தக் கட்சியினரே சீறினர். அவர் தளரவில்லை, மறு ஆண்டு சிராஜ்கஞ்சில் கூடிய மாகாண மாநாட்டில் ஒப்புதல் பெற்றார்.

சொன்னதைச் செய்து காட்டவும் வாய்ப்பு வந்தது. 1924 ஏப்ரலில் அவர் கல்கத்தா மாநகராட்சியின் மேயரானார். துணை மேயர் சுஹ்ரவர்தி. பிரதம நிர்வாக அதிகாரி 27 வயது சுபாஷ் சந்திர போஸ். போஸ் நிரப்பிய 33 இடங்களில் 25 முஸ்லிம்களுக்குக் கிடைத்தன. கூக்குரல் எழுந்தது. காந்தியடிகளோ அந்நியமனங்களைப் பாராட்டி எழுதினார்.

தகுதி என்னாவது என்று அன்று கேட்டவர்கள் உண்டு. இன்றும் கேட்பவர்கள் உண்டு. நான் விஞ்ஞான மாணவன். ஆய்வுக்கூடத் தராசு எனக்குப் பழக்கம். ஒரு தட்டு ஏற்கெனவே தாழ்ந்திருக்கையில் இரு தட்டிலும் சம எடை வைத்துக்கொண்டே போனால் முள் நடுவுக்கு வராது. எழும்பிய தட்டில் கூடுதலாக வைத்தே ஆக வேண்டும். சென்னை மாகாணத்தில் 1921-இல் பிறந்த வகுப்புவாரி உத்தரவும் இந்தக் கணக்கையே போட்டது.

1924 அக்டோபரில் போஸ் கைதானார். 1925 ஜூன் 16-இல் டார்ஜிலிங்கில் தேசபந்து கண் மூடினார். அடுத்த ஆண்டே கிருஷ்ணநகர் மாநாட்டில் அவருடைய கட்சியினர் ஒப்பந்தத்தைக் கைவிட்டனர். பிரிவினையின் முதல் விதை அங்கேதான் விழுந்தது என்று அபுல் கலாம் ஆசாத் பிற்காலத்தில் எழுதினார்.

தந்தையின் கடனைத் தீர்க்க ஒரு மகன் போதும். சமுதாயத்தின் கடனைத் தீர்க்க ஒரு தலைவர் போதாது; அவருக்குப் பின் வருவோரும் வாக்கைக் காக்க வேண்டும். நாளை அலுவலகங்களில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நாற்காலியில் நம்மிலும் சிலர் அமரக்கூடும். அன்று சித்தரஞ்சன் அவென்யூவின் பெயர் நம் நினைவுக்கு வரட்டும்.