மீசை வைத்த தாய்

தாய் என்றவுடன் நம் மனக்கண்ணில் ஒரு பெண்ணின் முகமே தோன்றும். ஆயின், குஜராத் மக்கள் ஆண் ஒருவரை ‘மீசை வைத்த தாய்’ என்று அன்புடன் அழைத்தனர். அவரே கிஜுபாய் பதேகா.

கிஜுபாய் 1885ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் சௌராட்டிரப் பகுதியில் உள்ள சித்தல் என்னும் ஊரில் பிறந்தார். அவரது இயற்பெயர் கிரிஜாசங்கர். இளமையில் பொருளீட்டுவதற்காகக் கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா சென்றார். தாயகம் திரும்பியபின் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். வருவாய்க்குக் குறைவில்லை.

1913ஆம் ஆண்டு அவருக்கு ஒரு மகன் பிறந்தான். அப்பிஞ்சு முகம் தந்தையின் உள்ளத்தில் ஒரு வினாவை எழுப்பியது. இவனை எவ்வாறு வளர்ப்பது? அக்காலப் பள்ளிகளில் பிரம்பும் மனப்பாடமுமே ஆட்சி செய்தன. அச்சத்தில் தன் மகன் வளர்வதை அவர் விரும்பவில்லை. விடை தேடிப் பல நூல்களைக் கற்றார். இத்தாலி நாட்டு மருத்துவர் மரியா மாண்டிசோரியின் கல்விமுறை அவரைக் கவர்ந்தது. பிறந்தது முதல் ஆறு வயது வரை குழந்தை தன் ஐம்புலன்களாலும் உலகை அறிகிறது; தொட்டும் பார்த்தும் கேட்டும் தானே கற்கிறது என்பதை உணர்ந்தார்.

தம் மகனுக்குக் கிடைக்க வேண்டியது எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைக்க வேண்டும் என எண்ணினார். 1916ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழிலைத் துறந்து, பாவ்நகரில் இருந்த தட்சிணாமூர்த்தி கல்வி நிறுவனத்தில் சேர்ந்தார். 1920ஆம் ஆண்டு அங்கே சின்னஞ்சிறு குழந்தைகளுக்காகப் ‘பால மந்திர்’ என்னும் மழலையர் பள்ளியைத் தொடங்கினார். அங்குப் பிரம்புக்கு இடமில்லை. கதை, பாட்டு, ஆட்டம், நாடகம் ஆகியவற்றின் வழியே மழலையர் மகிழ்ந்து கற்றனர். தூய்மையும், தம் வேலையைத் தாமே செய்யும் பழக்கமும் பாடங்களாயின. குழந்தைகளுக்காகவும் பெற்றோருக்காகவும் குஜராத்தி மொழியில் அவர் ஏராளமான நூல்கள் எழுதினார்.

1939ஆம் ஆண்டு கிஜுபாய் மறைந்தார். எனினும், அவர் ஏற்றிய விளக்கு அணையவில்லை. அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக், ஏழைக் குழந்தைகளின் வீட்டு முற்றத்திற்கே பள்ளியைக் கொண்டு சென்றார். அதுவே ‘அங்கன்வாடி’ எனப் பெயர் பெற்றது. இன்று நம் தெருவில் உள்ள அங்கன்வாடியில் மழலைச் சிரிப்பொலி கேட்கும்போது, அம்மீசை வைத்த தாயை நாமும் நினைவுகூர்வோம்.

விடை எழுதுக
1. கிஜுபாய் வழக்கறிஞர் தொழிலைத் துறந்தது ஏன்?
2. மக்கள் அவரைத் தாய் என அழைத்தது பொருத்தமா? உம் கருத்தை எழுதுக.