தாய் திறந்து வைத்த கதவு

ஈகைக் குணம் வீட்டில் பார்த்துப் பழகி வருவது. இதற்குச் சிறந்த சான்று புனித கேத்தரின் டிரெக்சல் அன்னையின் வாழ்க்கை.

அமெரிக்க நாட்டின் பிலடெல்பியா நகரில் 1858ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் கேத்தரின் பிறந்தார். தந்தை பிரான்சிஸ் டிரெக்சல் பெரும் வங்கி முதலாளி. பெற்ற தாய் ஐந்தே வாரங்களில் கண்மூடினார். சிற்றன்னையாக வந்த எம்மா, கேத்தரினையும் அவர் அக்காள் எலிசபெத்தையும், பின்னர் தமக்குப் பிறந்த லூயிசையும் வேற்றுமை பாராட்டாமல் வளர்த்தார்.

எம்மா அம்மையார் வாரத்தில் குறித்த நாள்களில் தம் வீட்டுக் கதவை ஏழைகளுக்குத் திறந்து வைப்பார். உணவும் உடையும் கொடுப்பார். வீட்டு வாடகை கட்ட முடியாதவர்களுக்குப் பணம் கொடுப்பார். பெண்மக்கள் மூவரும் உடனிருந்து உதவுவார்கள். கோடைக்கால வீட்டிலோ அவர்களே ஆசிரியைகள். பணியாளர்களின் பிள்ளைகளைக் கூட்டி ஞாயிறுதோறும் ஞானோபதேசம் கற்பித்தார்கள்.

1883இல் எம்மா புற்றுநோயால் இறந்தார். 1885இல் தந்தையும் மறைந்தார். ஏறக்குறைய ஒன்றரைக் கோடி டாலர் சொத்தில் பத்தில் ஒரு பங்கை அவர் அறப்பணிகளுக்கு எழுதி வைத்திருந்தார். எஞ்சியதன் வருமானம் மகள்மார் மூவருக்கும் உரியதாயிற்று.

பொருளை என்ன செய்வது? மூவரும் பெற்றோர் காட்டிய வழியிலேயே சென்றனர். எலிசபெத் அநாதைச் சிறுவர்கள் தொழில் கற்கத் தந்தையின் நினைவாக ஒரு பள்ளி கட்டினார். கேத்தரினின் உள்ளம் நிலத்தை இழந்து வாடிய பூர்வகுடி மக்களையும், அடிமைத்தளை நீங்கியும் கல்வி மறுக்கப்பட்ட கறுப்பின மக்களையும் நாடியது.

1887இல் கேத்தரின் உரோமையில் பாப்பரசர் 13ஆம் சிங்கராயரைக் கண்டு, பூர்வகுடி மக்களுக்குப் பணியாற்ற மறைப்பணியாளர்களை அனுப்புமாறு வேண்டினார். நீயே ஏன் போகக்கூடாது என்று பாப்பரசர் கேட்டார். பணம் கொடுக்கச் சித்தமாயிருந்தவரிடம் கடவுள் அவரையே கேட்டார்! கேத்தரின் கண்ணீருடன் வெளியே வந்தார். 1889இல் கன்னியர் மடம் புகுந்தார். 1891இல் வார்த்தைப்பாடு கொடுத்து, இவ்விரு மக்களுக்கும் பணிபுரிய நற்கருணைக் கன்னியர் சபையைத் தொடங்கினார்.

வர்ஜீனியா மாநிலத்தில், முன்பு அடிமைகள் உழைத்த பண்ணை ஒன்றில், கறுப்பின இளைஞருக்காகத் தங்கை லூயிஸ் தம் கணவருடன் 1895இல் புனித எம்மா பள்ளியைத் திறந்தார். அதனருகே கேத்தரின் 1899இல் பெண்களுக்காகப் புனித பிரான்சிஸ் சலேசியார் பள்ளியை எழுப்பினார். தாயின் பெயரில் ஒன்று, தந்தையின் பெயரில் ஒன்று! இவ்விரு பள்ளிகளும் 1970களின் தொடக்கம் வரை நடைபெற்றன.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. 1905இல் நாஷ்வில் நகரில் பள்ளிக்காக வாங்கிய வீட்டை, கறுப்பினச் சிறுமியர் படிக்கப் போகிறார்கள் என்று அறிந்ததும் விற்றவர் திரும்பப் பெற முயன்றார். அன்னை அசையவில்லை, அவ்வாண்டே பள்ளி திறந்தது. 1915இல் நியூ ஆர்லியன்சில் அவர் தொடங்கிய சவேரியார் கல்விக்கூடம் வளர்ந்து, இன்றும் பல்கலைக்கழகமாக விளங்குகிறது.

ஏறத்தாழ இரண்டு கோடி டாலரை ஏழைகளுக்குச் செலவிட்ட அவர், தமக்கென்று வரும்போது பென்சிலைக்கூடக் கடைசித் துண்டு வரை எழுதித் தீர்த்தார். ஏனெனில் அவர் வாழும் வரைதான் அந்த வருமானம் வரும். தந்தையின் உயிலின்படி, பிள்ளையில்லாத மகள்மார் காலத்திற்குப் பின் அது வேறு அறநிலையங்களுக்குச் சேரும். உயிலுக்குப் பின் தோன்றிய சபைக்கு அதில் பங்கில்லை. ஒவ்வொரு காசும் ஒரு பிள்ளையின் படிப்பு என்பதை அன்னை அறிந்திருந்தார்.

1935இல் இருதய நோய் அவரை அறைக்குள் முடக்கியது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் செபத்தில் கழித்து, 1955 மார்ச் 3ஆம் நாள், 96ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அத்துடன் வருமானம் நின்றது. ஆயினும் அவர் உருவாக்கிய கன்னியர் 500 பேருக்கு மேல் இருந்தனர். பள்ளிகள் 60க்கு மேல் நடந்தன. 2000ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தது.

அன்புத் தோழியரே, கோடிப் பணம் நம்மிடம் இல்லை. ஆனால் நாம் கற்ற பாடத்தை, கற்க வழியில்லாத ஒரு சிறுமிக்கு ஞாயிறு மாலையில் சொல்லிக் கொடுக்கலாம். டிரெக்சல் சகோதரியரும் அங்கிருந்துதான் தொடங்கினார்கள். பெற்றோர்களே, நம் வீட்டுக் கதவை நாம் யாருக்குத் திறக்கிறோம் என்பதை நம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.