நாடகப் பேராசிரியர் பம்மல் சம்பந்த முதலியார்

நற்குடிப் பிறந்தோர் அரங்கேறி வேடம் பூணுதல் இழிவென்று கருதப்பட்ட காலத்தே, அக்கருத்தை மாற்ற முற்பட்ட பெருந்தகை பம்மல் சம்பந்த முதலியார் ஆவர். 1873-ஆம் ஆண்டு விஜயரங்க முதலியாரின் புதல்வராய்ச் சென்னையிற் பிறந்த இவர், பதினெட்டு வயதே நிரம்பிய நிலையில், 1891-இல் நண்பர் சிலருடன் சுகுண விலாச சபையை நிறுவினார். வழக்கறிஞராயும் நீதிபதியாயும் விளங்கியதோடு, தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்களையும் இயற்றினார்.

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை அமலாதித்யனாகவும், மாக்பெத்தை மகபதியாகவும் ஆக்குங்கால், கதையின் உயிரைக் காத்துப் பெயரையும் நாட்டையும் நமக்குரியனவாக்கினார்.

தாயின் ஆணைக்கு அடங்கிய இளவரசன் கதையாகிய இவரது மனோகரா, 1936-இல் திரைப்படமாயிற்று. அதில் அரசன் புருஷோத்தமனாக இவரே நடித்தார். 1954-இல் அது மீண்டும் படமாகியபொழுது, மு. கருணாநிதி உரையாடலைப் புதிதாய் எழுதினார். சிவாஜி கணேசன் மனோகரனாக நடித்தார். அவ்வுரையாடலே மக்கள் நாவில் நின்றது. மூலநூலாசிரியரைப் பலர் மறந்தனர்.

பிறர் நூலை மாற்றியமைத்தவர், தம் நூல் பிறரால் மாற்றப்படுதலையும் தம் வாழ்நாளிலேயே கண்டார். மாற்றுதல் குற்றமன்று, மூலத்தை மறத்தலே குற்றமாம். 1959-இல் பத்மபூஷண் விருது பெற்ற இவர், 1964-இல் இயற்கை எய்தினார்.

கூத்து வளர்த்த காஞ்சி நாட்டினராகிய நாம், நம் ஏனாத்தூர்ச் சிறார்க்கு இவர் நாடகமொன்றையேனும் பயிற்றி நடிப்பிப்போமாயின், அதுவே இவர்க்கு நாம் செய்யும் கைம்மாறாம்.